சனிக்கிழமை நேரம் இருக்கா?

(கொரியாவுக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் தோட்டத்து இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடியிருந்த அவையில், பதுளையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் காலையில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அப்புத்தளைப் பக்கமிருந்து ரயிலில் வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்த தாய்மாரையும் முன்வரிசையில் பார்க்கிறேன். அந்த ஒரு நாளின் விலை எனக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொரியாவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். குளிர்காலம். பிளாஸ்டிக் வார்க்கும் ஒரு சிறிய தொழிற்சாலை. எங்கள் பிரிவுத் தலைவரை 'பன்ஜங்னிம்' என்று கூப்பிடுவோம். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து போகும்போது அவர் என் தோளில் கையை வைத்து, "ஒன்ஜே பப் ஹன்பொன் மொக்சா" என்றார். எப்போதாவது ஒருக்கா சேர்ந்து சாப்பிடுவோம் என்று அர்த்தம். 'பப்' என்றால் சோறு, 'மொக்சா' என்றால் சாப்பிடுவோம். இந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். 'ஒன்ஜே' என்ற சொல்லைத்தான் நான் சரியாகப் பிடிக்கவில்லை.

வீட்டை விட்டு வந்த பிறகு ஒருவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வருகிற சனிக்கிழமைதான் என்று நானே நினைத்துக்கொண்டு, அன்று மாலை குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, விடுதி வாசலில் நின்றேன். எட்டு மணி வரைக்கும் நின்றேன். யாரும் வரவில்லை. அறைக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு "பம் மொகொஸ்ஸொயோ?" என்றார், சாப்பிட்டாச்சா என்று. நான் மனக்குறையோடு "இல்லை, சாப்பிடவில்லை" என்றேன். அவர் திகைத்துப்போனார். அவர் கேட்டது நலம் விசாரிப்பு. நம் ஊரில் லயத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் ஆத்தா, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "சாப்டியாப்பா?" என்று கேட்குமே, அதேதான். அதற்குப் பதில் "ஆமாங்க ஆத்தா" என்பதுதான். அவர் புதன்கிழமை சொன்னதும் அதே வகை. நீயும் நானும் நன்றாகவே இருக்கிறோம் என்பதைச் சொல்லும் மரியாதைப் பேச்சு அது. அதில் நாளும் இல்லை, இடமும் இல்லை.

இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் மொனராகலைப் பக்கத்துச் சிங்கள அண்ணன் ஒருவர். அவருக்கு அங்கே அது நான்காவது ஆண்டு. "நாள் சொன்னா தம்பி நீ வெளிக்கிடு. நாள் சொல்லாட்டி சிரிச்சிட்டு, ஆமாங்க, சாப்பிடுவோம்னு சொல்லிட்டுப் போ" என்றார். எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

ஏன் கிடைக்கவில்லை? 2004 இல் இலங்கையும் கொரியாவும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி நம் பிள்ளைகள் வேலை அனுமதி முறையில் அங்கே போகிறார்கள். 18 வயதிலிருந்து 39 வயது வரை விண்ணப்பிக்கலாம். கணினியில் நடக்கும் மொழிப் பரீட்சையில் வாசிப்புக்கு 20 கேள்வி, கேட்டலுக்கு 20 கேள்வி. பேச்சுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. கையைக் கவனி, தலைக்கவசம் போடு, இயந்திரத்தை நிறுத்து, சம்பள நாள் எது, இவைதான் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும். இவை உயிர் காக்கும் சொற்கள், வேண்டவே வேண்டும். ஆனால் நான்கு ஆண்டும் பத்து மாதமும் வரை அங்கே இருக்கக்கூடிய ஒரு பிள்ளைக்கு வேலை நேரம் போக எத்தனை மாலை, எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் வேலையிடம் மாற முடியாது என்பது அங்கே பொது விதி. ஆகவே கிடைத்த இடத்தில், கிடைத்த மனிதர்களோடு பழகித்தான் ஆக வேண்டும். பழக்கம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கிறது. மேசைக்குக் கூப்பிடவும், கூப்பிட்டால் போகவும், போக முடியாவிட்டால் மனம் நோகாமல் சொல்லவும் தெரியாத பிள்ளை அந்தக் காலம் முழுவதும் கைபேசித் திரையோடுதான் இருக்கும். அப்படி இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் முழுதாக வீட்டுக்கு வரும், பிள்ளை பாதியாகத் திரும்பி வரும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவனுக்குக் கையில் இருக்கும் கருவி சின்னக் கருவி இல்லை.

"கடுகு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் 'க' அழுத்தமாக வருகிறது. கடைசியில் வரும் 'கு' மெலிந்து வருகிறது. எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. கொரிய மொழியின் சாதாரண வல்லெழுத்துகளும் இப்படியேதான் நடக்கின்றன. இறைச்சிக்கு 'கொகி' என்பார்கள். முதல் எழுத்து வன்மையாகவும் இடையில் வரும் அதே எழுத்து மென்மையாகவும் ஒலிக்கும். சிங்களத்தில் இந்த இரண்டு ஓசைக்கும் வேறு வேறு எழுத்து உண்டு. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இது பிறப்பிலேயே வந்த பழக்கம். இன்னொன்றும் பாருங்கள். "கடுகு" என்று முடிக்கும்போது உதடு குவிவதில்லை. நம் இலக்கணக்காரர்கள் குற்றியலுகரம் என்று பெயர் வைத்தார்களே, அந்த உகரம். கொரிய மொழியில் ஒரு படுக்கைக் கோடாக எழுதும் உயிரெழுத்தின் ஒலி ஏறக்குறைய அதுதான். பல நாட்டுக்காரர்கள் அந்த ஒலிக்கு மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். நாம் அதைத் தினமும் ஆயிரம் தடவை சொல்கிறோம். மூச்சைத் தள்ளி ஒலிக்கும் கொரிய எழுத்துகள் சிலவற்றுக்கு மட்டும் நம்மிடம் சமம் இல்லை. அதற்கு உழைக்க வேண்டும்.

அம்மா, அப்பா என்ற சொற்கள் இரண்டு மொழியிலும் ஒன்று போல் இருப்பதைச் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. 1905 இல் சோல் நகரில் இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. உறவு இல்லாவிட்டாலும் நடை ஒன்றாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

"தோயோஇரே ஷிகன் இஸ்ஸொயோ?" 'தோயோஇல்' என்றால் சனிக்கிழமை, 'ஏ' என்பது நம் 'இல்' உருபு, 'ஷிகன்' நேரம், 'இஸ்ஸொயோ' இருக்கிறதா. சனிக்கிழமை நேரம் இருக்கா? ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. "மொகொ பொசேயோ" என்றால் சாப்பிட்டுப் பாருங்க. சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கவா சொல்கிறோம்? சுவைத்துப் பார்க்கச் சொல்கிறோம். அவர்களும் பார்ப்பதற்குள்ள அதே வினைச்சொல்லைத்தான் அந்த இடத்தில் வைக்கிறார்கள். காலையில் வீட்டை விட்டுப் புறப்படுகிற பிள்ளை "தன்யொ ஒகெஸ்ஸும்னிதா" என்று சொல்லும். போயிட்டு வாரேன். வெறுமனே போகிறேன் என்று சொல்வது நமக்கு மட்டும் குறையாகப் படும் விஷயம் இல்லை என்று அதைக் கேட்டபோது தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சொல் 'ஜோம்'. கொஞ்சம் என்று அர்த்தம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க", "கொஞ்சம் அந்தத் தண்ணியைத் தாங்க" என்று நாம் சொல்லும்போது அளவையா சொல்கிறோம்? கேட்கிற குரலைத் தணிக்கிறோம். 'ஜோம்' செய்யும் வேலையும் அதுதான். இந்தச் சொல் மறுப்புப் பேசும் இடத்தில் மறுபடி வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அழைப்புக்கு வருவோம். ஒரே லயத்தில் ஒரு வாலிபன் தன் கூட்டாளியிடம் "வாடா போவோம்" என்பான். பக்கத்துக் காம்பரா அண்ணனிடம் "போவமாண்ணே?" என்பான். தலைவர் வீட்டுப் பெரியவரிடம் "ஐயா, நீங்களும் வாறீங்களா?" என்று தலையைச் சற்றுக் குனிந்து கேட்பான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. கொரிய மொழியிலும் இதே படிகள் உண்டு. சம வயதுக் கூட்டாளிக்குக் "கஜா", வா போவோம். அடுத்த படி "கல்க்காயோ?", போவமா, போகலாமா என்று இருவருக்கும் பொதுவாகக் கேட்பது. "கல்லேயோ?" என்றால் வர விருப்பமா என்று எதிரில் இருப்பவரின் மனதைக் கேட்பது, பழகிய ஆளிடம் மட்டும் சொல்லலாம். பெரியவர்களுக்கு "கச்சி கஷிகெஸ்ஸொயோ?", சேர்ந்து வாறீங்களா. அதில் நடுவே வரும் 'ஷி' தான் நம் 'ங்க'. அதை விட்டால் பெரியவருக்கு உரிய மரியாதை குறைந்துவிடும்.

பாடப் புத்தகங்களில் "கப்ஷிதா" என்று ஒன்று வரும், போவோம் என்று. மரியாதை வடிவம் என்று படித்துவிட்டு முதலாளியிடம் போய்ச் சொல்லாதீர்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது சொல்லும் தொனி அதில் இருக்கிறது. இருபது வயதுப் பையன் கணக்கப்பிள்ளையைப் பார்த்து "சரி சரி, கிளம்புவோம்" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும் கேட்கும். 'நீங்கள்' என்பதற்கு நேர்ச்சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டவும் வேண்டாம். பெரியவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதே மரியாதைக் குறைவு. முதலாளி என்றால் 'சஜங்னிம்', தம்பிமாருக்கு மூத்த ஆண் நண்பர் என்றால் 'ஹ்யொங்', அதாவது அண்ணன். சாப்பாட்டுக் கடைக்கார அம்மாவை 'இமோ' என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம், நம் பெரியம்மா, சின்னம்மா. கடைக்குப் போனாலும் உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது. நமக்குப் புதிதா இது?

மெய்யான அழைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சிங்கள அண்ணன் சொன்னதுதான். நாள் வர வேண்டும், நேரம் வர வேண்டும், இடம் வர வேண்டும். "தோயோஇரே ஷிகன் இஸ்ஸொயோ?" என்று காதில் விழுந்தால் அது அழைப்பு. நம் வழக்கமும் இதுதானே! வழியில் பார்த்தவரிடம் "வீட்டுப் பக்கம் வாங்க" என்று சொல்வது ஒரு வகை. வெற்றிலை பாக்கோடு லயம் லயமாகப் படியேறி, இந்தத் தேதி, இந்த நேரம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்வது வேறு வகை. வெற்றிலை வைத்துச் சொல்லாத கல்யாணத்துக்கு நம் பாட்டிமார் போவார்களா?

ஆனால் பதில் சொல்வதில் நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். வரப்போவதில்லை என்று தெரிந்தே "கட்டாயம் வாரேங்க" என்று சொல்வது. முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது என்ற கூச்சம்தான் காரணம். இங்கே அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அங்கே முன்கூட்டிப் பேசிவைத்த சந்திப்புக்கும் வாக்குறுதிக்கும் ஒரே சொல்தான், 'யக்சோக்'. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் வாக்குத் தவறியதாகவே எடுப்பார்கள். இறைச்சி சுடும் கடையில் ஆள் கணக்குப் பார்த்துத் தட்டு சொல்லியிருப்பார்கள்.

போக முடியாவிட்டால்? இங்கேதான் 'ஜோம்' உதவிக்கு வருகிறது. "ஓனுருன் ஜோம்..." என்று சொல்லி இழுத்து நிறுத்திவிடுங்கள். இன்னைக்குக் கொஞ்சம்... அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள். நம் அம்மாமாரும் "இன்னைக்குக் கொஞ்சம்..." என்று இழுத்தால் அதற்கு மேல் கேட்க மாட்டோமே, அதே நாகரிகம். பிறகு "தாஉமே கச்சி கயோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை சேர்ந்து போவோம். 'இல்லை' என்ற சொல்லே வரவில்லை. அழைத்தவர் மனமும் நோகவில்லை.

"க்வென்சனாயோ" என்ற சொல்லில் கவனம் வேண்டும். நம் "பரவாயில்லைங்க" போன்றது. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்கும்போது அதைச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும். வேண்டுமென்றால் "ச்சோஆயோ" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பசியோடு எழுந்து வந்த பிள்ளைகள் உண்டு.

இதோ இந்தத் தாய்மார் மனதில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். மாட்டிறைச்சி வைத்தால் பிள்ளை என்ன செய்யும்? சொல்கிறேன். அழைப்பை மறுக்காதே மகனே, அந்தப் பதார்த்தத்தை மட்டும் மறு. "சோகொகினுன் மொன் மொகொயோ." மாட்டிறைச்சி என்னால் சாப்பிட முடியாது. இதில் 'மொன்' என்ற ஒலிதான் முக்கியம். எழுத்தில் அது 'மொத்'. முடியாது என்று அர்த்தம். அந்த இடத்தில் 'அன்' போட்டால் சாப்பிட மாட்டேன் என்று விறைப்பாகிவிடும். முதலாவது என் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது அவர்கள் உணவைத் தள்ளுவது போலக் கேட்கிறது. போவதற்கு முன்பே சொல்லிவிட்டால் கோழி இருக்கும் கடையாகப் பார்ப்பார்கள்.

மதுவும் அப்படித்தான். "ஹன்ஜன் ஹல்லேயோ?" என்று கேட்பார்கள், ஒரு கிண்ணம் எடுப்போமா என்று. வேலை முடிந்து எல்லோரும் கூடிச் சாப்பிடும் 'ஹ்வேஷிக்' என்ற விருந்தில் சோஜு என்ற மது இல்லாமல் இருக்காது. கசிப்பு நம் லயங்களில் எத்தனை அடுப்பை அணைத்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சுருல் மொன் மஷொயோ", என்னால் குடிக்க முடியாது. சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே. 'சைதா' என்று ஒரு சோடா கிடைக்கும், அதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள். பெரியவர் எது ஊற்றினாலும் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து வாங்கு. எல்லோரும் "கொன்பே" என்று உயர்த்தும்போது நீயும் உயர்த்து. முகத்தைச் சற்று ஒரு பக்கம் திருப்பிக் குடி. பெரியவர் முன்னால் அது அங்கே மரியாதை. நீ மேசையில் இருந்தாய் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

ஒரு நிமிடம் வேறு ஒன்று சொல்ல வேண்டும். நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இந்த ஊவா மலைக்கு, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும், ஓர் அழைப்பை நம்பித்தான் வந்தார்கள். அழைத்தவர் கங்காணி. அழைத்த மொழியும் நம் தாய்மொழிதான். வந்து சேர்ந்த பிறகு காலையில் தப்பு அடிக்கும், பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகு நம்மை யாரும் அழைக்கவில்லை, ஏவினார்கள். இன்றைக்கும் ஓர் அழைப்பு வருகிறது: "பணத்தைக் கட்டு தம்பி, பரீட்சை இல்லாமலே கொரியாவுக்கு அனுப்புகிறேன்." வேலை அனுமதி முறை அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலானது. இலங்கையில் அதை நடத்துவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். நடுவில் தரகருக்கு இடமே இல்லை. அந்த அழைப்புக்கு 'ஜோம்' எல்லாம் வேண்டாம், முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறார்கள். தாங்களும் கூப்பிடலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. துரை வீட்டு வாசலுக்கு வெளியே நின்று பழகிய தலைமுறைகளின் தயக்கம் அது. நான் அதை விட்டது இரண்டாவது ஆண்டில். தொழிற்சாலைக்குப் பின்னால் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு பாட்டி, என்னைக் காணும்போதெல்லாம் "நொல்லொ வயோ" என்பார். நேர்ப்பொருள் 'விளையாட வா'. வளர்ந்த ஆளை விளையாடக் கூப்பிடுகிறாரே என்று முதலில் விளங்கவில்லை. வீட்டுப் பக்கம் சும்மா வந்து போ என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாள் குறிக்காத அழைப்புதான். அதனால் நாளை நானே குறித்தேன். பன்ஜங்னிம்மையும் அந்தப் பாட்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடுதிக்குக் கூப்பிட்டேன். உலர்ந்த தேங்காய்ப் பூவைச் சுடுநீரில் ஊற வைத்து மாவோடு பிசைந்து, நம் வீட்டில் தட்டுவது போலவே ரொட்டி தட்டினேன். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் இடித்துக் கட்டச் சம்பல் செய்தேன். தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "மொகொ பொசேயோ" என்றேன்.

பாட்டி ஒரு துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். அவர்களும் மிளகாய் தின்று வளர்ந்தவர்கள். இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார். பன்ஜங்னிம் கிளம்பும்போது, "கொபினுன் நேகா சல்க்கே" என்றார், கோப்பி என் கணக்கு. கோப்பிக்கு அங்கேயும் 'கொபி' தான். அதோடு நிற்காமல், வருகிற சனிக்கிழமை ஆறு மணி என்றும், கடை எது என்றும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை நான் விடுதி வாசலில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

2025 இல் கொரியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 10,030 வொன்னாக இருந்தது. அந்த ஒரு மணி நேரச் சம்பளம் இங்கே கொழுந்து பறிக்கும் ஒரு நாள் சம்பளத்தைவிடக் கூடுதல். ஆகவே பிள்ளைகள் போவார்கள், நாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. தனிமைப்பட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலானவை சிங்களத்தில்தான் நடக்கின்றன. அந்த ஆசிரியர்களுக்கு நான் நன்றி உடையவன். ஆனாலும் பசறைப் பிள்ளை கொரிய மொழியை முதலில் சிங்களமாக்கி, பிறகு தமிழாக்கி விளங்கிக்கொள்கிற சுற்றுவழி வேண்டாம். நேர்வழி நம் வாயிலேயே இருக்கிறது.

கொரியாவிலிருந்து திரும்பி வந்து இந்த மாகாணத்தில் கடை வைத்தும், ஆட்டோ ஓட்டியும், மரக்கறி பயிரிட்டும் இருக்கும் தம்பிமாரே, உங்களிடம்தான் கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலையில் இரண்டு மணி நேரம், உங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் உட்காருங்கள். பரீட்சைப் பாடத்தை வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பிள்ளைகளோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே, எப்படிக் கூப்பிடுவது, எப்படிப் போவது, எப்படி வேண்டாம் என்பது என்று பேசிக் காட்டினால் போதும். வருகிறவர்கள் இன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் வகுப்பு வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இதே மண்டபத்தில்.